இரவல் கோல்கீப்பர்

டேக்னி எங்கே விழுந்தாள் என்பதுதான் அந்த ஜனவரியில் ஊர் முழுக்கக் கேள்வி. மளிகைக் கடையில் கேட்டார்கள். தேவாலயத்தில் காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்று கேட்டார்கள். நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் வாயைப் பிளந்து படுத்திருந்தவர்கள்கூடக் கையால் சைகை செய்து கேட்டார்கள்.

டேக்னி என் மகள். பதின்மூன்று வயது. பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் கோல்கீப்பர். கொஞ்ச நாளாக வலது காலுக்கு உறை மாட்டக் குனிய முடியவில்லை. காரிலிருந்து இறங்கும்போது ஒரு காலை வெளியே ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு, அப்புறம்தான் மற்றக் காலை எடுத்து வைக்கிறாள். ஆனால் அவள் எங்கேயும் விழவில்லை. ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு பட்டு வீங்கவில்லை, யாரும் இடித்துத் தள்ளவும் இல்லை. எங்கள் ஊரில் அடிபடுவது பெரிய விஷயமே இல்லை. ஆனால் பட்ட அடிக்கு ஒரு கதை இருக்க வேண்டும். கதையே இல்லாத வலியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெத்தை சரியில்லை என்றார் ஒருவர். புது ஸ்கேட் கடிக்கிறது என்றார் இன்னொருவர். வளர்கிற வயசு, எல்லாம் தானாகச் சரியாகும் என்று என் கணவன் ஆர்லன் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு. பள்ளிக்கூடக் கட்டடத்தில் கொதிகலனையும் குழாய்களையும் பார்த்துக்கொள்கிறவன் அவன். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க இடுக்கி வேண்டும். என்னிடம் விதவிதமாக இடுக்கி இருக்கிறது, இருந்தும் வராது. நான் அப்படியில்லை. சிகாகோவிலிருந்து கல்யாணம் ஆகி மினசோட்டாவில் ஏரியின் இந்த வடகரைக்கு வந்தவள். மனதில் பட்டதை முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவேன். "கொரீன் சிகாகோக்காரி, விடு" என்று ஊர் என்னை மன்னித்து வைத்திருக்கிறது.

காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. ஒருத்தருடைய ஈறைப் பார்த்தே அவர் எந்தக் கையால் பல் தேய்க்கிறார், எந்தப் பக்கம் சோம்பேறித்தனம் காட்டுகிறார் என்று சொல்லிப் பழகியவள் நான். என் வீட்டுக்குள் ஒரு இடுப்பு ஏன் வலிக்கிறதென்று தெரியாமல் நடமாடுவது அவமானமாக இருந்தது. மறுவாரமே டேக்னியையும் ஆர்லனையும் காரில் ஏற்றிக்கொண்டு டுலூத் நகரத்துக்குப் போனேன்.

அங்கே குழந்தைகளின் எலும்பைப் பார்க்கும் டாக்டர் வாங், டேக்னியைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, தொடையை மெல்ல உள்பக்கமாகத் திருப்பினார். டேக்னி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் படம் எடுத்தார்கள். படத்தைத் திரையில் போட்டுவிட்டு டாக்டர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவளை யாரும் இடிக்கல," என்றார். "இவ தன்னையே இடிச்சுக்கிட்டிருக்கா, உள்ளுக்குள்ள."

கோல்கீப்பர்கள் வட்டைத் தடுக்க ஒரு மாதிரி விழுவார்கள். இரண்டு முழங்காலும் சேர்ந்து தரையில் படும், முழங்காலுக்குக் கீழே கால்கள் இரண்டு பக்கமும் சிறகுபோல விரியும். அதற்குப் பட்டாம்பூச்சி என்று பெயர். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அப்படி விழும் ஒவ்வொரு தடவையும் தொடை எலும்பின் தலை, இடுப்புக் குழியின் விளிம்பில் போய் முட்டுகிறது என்று டாக்டர் தன் முஷ்டியை மறு உள்ளங்கையில் முட்டிக் காட்டினார். பெரியவர்களின் எலும்பாக இருந்தால் தேயும். வளர்கிற எலும்பு தேயாது, முட்டும் இடத்தில் தடித்துப்போகும். தடித்த எலும்பு அடுத்த தடவை இன்னும் பலமாக முட்டும். இப்படியே போனால் விளிம்பில் இருக்கும் ஜவ்வு கிழியும். அப்புறம் கத்திதான்.

"எத்தனை டீம்ல ஆடுறா?" என்று கேட்டார்.

"ஒண்ணுலதான்," என்றான் ஆர்லன்.

"ஒண்ணேதானா?"

ஒன்றேதான் என்று நானும் சொன்னேன். வாரத்துக்கு எத்தனை பயிற்சி, எத்தனை ஆட்டம் என்று கேட்டுக்கொண்டார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் குற்றம் சாட்டும் தோரணை இல்லை, எனக்கிருந்த அதே ஆவல்தான் இருந்தது.

"அதுக்கு இவ்வளவு ஆகாதே," என்றார். "எங்கயோ நிறைய விழுறா. எங்கன்னு கண்டுபிடிங்க. விளையாட்டை நான் குறை சொல்லலை. நடக்கட்டும், நீந்தட்டும், இடுப்பு கொஞ்சம் ஆறினா மரம்கூட ஏறட்டும். படுக்கையில போட்டு வைக்காதீங்க. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யறதுதான் வினை. பனி உருகுற வரைக்கும் ஹாக்கி கூடாது."

டேக்னி அப்பாவைத்தான் பார்த்தாள். அவன் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எங்கே விழுகிறாள்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு இதே யோசனை. அவளிடம் கேட்டால் "தெரியலம்மா, அங்கங்க" என்றாள். ஆர்லன் சாலையைப் பார்த்தே ஓட்டினான்.

விடை என் சமையலறை அலமாரியில் இருந்தது. அந்தச் சனிக்கிழமை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கண்ணாடிப் பாத்திரங்களை எடுத்து அடுக்கினேன். எங்கள் ஊரில் நன்றியை வாயால் சொல்ல மாட்டார்கள், ஏதாவது ஒன்றை அடுப்பில் வைத்துச் சுட்டுக் கொண்டுவருவார்கள். அரைத்த மாட்டிறைச்சி, டப்பாக் காளான் சூப், மேலே வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டை. பாத்திரத்தின் அடியில் காகித டேப் ஒட்டி அதில் சொந்தக்காரர் பெயர் எழுதியிருக்கும். பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டுக்கு அந்தப் பாத்திரங்கள் வந்துகொண்டே இருந்தன. ஆர்லன் யாருக்காவது குழாய் சரிசெய்து கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டு நானும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன்.

ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். லைல் என்றிருந்தது, அவன் பையன்கள் அணியின் பயிற்சியாளன். ஜோலீன், புதன்கிழமை ஆடும் நாற்பது தாண்டிய பெண்கள் அணியின் தலைவி. அடுத்தது மதுக்கடை வைத்திருப்பவன். அவன் கடைக்கும் ஒரு அணி உண்டு. கடைசியாகப் பாஸ்டரின் மனைவி. தேவாலய ஆண்களும் வெள்ளிக்கிழமைகளில் ஆடுகிறார்கள். இவர்களில் ஒருத்தர் வீட்டில்கூடக் குழாய் ஒழுகியதாக நான் கேள்விப்படவில்லை. எல்லோரும் ஹாக்கிக்காரர்கள். ஒருத்தரிடமும் கோல்கீப்பர் கிடையாது.

அது எங்கள் ஊரின் குறை. பறந்து வரும் வட்டுக்கு முன்னால் நிற்க யார் வருவார்கள்? கோல்கீப்பர் இல்லாத அணி பயிற்சி என்ற பெயரில் வெறும் வலைக்குள் அடித்துக்கொண்டிருக்கும். அதனால் ஆர்லனுக்குப் போன் போட்டிருக்கிறார்கள். உனக்குச் சிரமமில்லேன்னா, டேக்னிக்கு வேற வேலை இல்லேன்னா, அரை மணி நேரம். பக்கத்து வீட்டில் ஏணி இரவல் வாங்குவதுபோல என் மகளை இரவல் வாங்கியிருக்கிறார்கள். ஏணியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பாத்திரம் உணவு.

ஆர்லனைக் கூப்பிட்டுப் பாத்திரங்களைக் காட்டினேன். அவன் அடியில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தான்.

"எல்லாம் அரை மணி நேரம்தான்," என்றான். "சின்னச் சின்னதா. அதை ஒரு டீம்னு நான் நினைக்கல."

"இல்லேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

"நல்ல மனுஷங்க, கொரீன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நீயே போய்ப் பாத்திரத்தைக் கொடுத்து, இனிமேல் டேக்னி வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வா என்று அனுப்பினேன். முதல் வீடு லைலுடையது. ஆர்லன் திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பாத்திரத்தைக் கொடுத்திருந்தான். குளிரைப் பற்றி, ஏரியில் ஐஸ் கெட்டிப்பட்டதைப் பற்றி, லைலின் லாரியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கடைசியில், வியாழக்கிழமை மட்டும் வருவாள் என்று ஒத்துக்கொண்டு வந்திருந்தான்.

மீதி வீடுகளுக்கு நானே போனேன். லைல் வீட்டுக்கும் போய், வியாழனும் கிடையாது என்றேன். சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் விஷயத்தைச் சொன்னதும் லைலின் முகம் சுருங்கிப்போனது. கோட்டுகூட இல்லாமல் வாசற்படியில் நின்றுகொண்டு, "எங்ககிட்ட அரை மணி நேரம்தான் இருந்தா," என்றான். ஜோலீன் அழுதேவிட்டாள். அவளும் அதையேதான் சொன்னாள். மதுக்கடைக்காரனும் பாஸ்டரின் மனைவியும் அப்படியே. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தரும் அவளைப் பாடுபடுத்தவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்தார்கள், எல்லோரும் எடுத்தார்கள்.

அதோடு இரவல் நின்றது. ஊருக்கு நிஜமாகவே வருத்தம். மன்னிப்பும் பாத்திரத்தில்தான் வந்தது, உருளைக்கிழங்கு இன்னும் ஒரு வரிசை கூட வைத்து. பையன்கள் ஒரு மரப்பலகையில் மீசை வைத்த கோல்கீப்பர் படம் வரைந்து வலைக்கு முன்னால் நிறுத்திவிட்டார்கள். பலகை மோசமில்லை என்று கேள்வி. டேக்னி காலில் கட்டும் காப்பு மெத்தைகளும் ஸ்கேட்டும் கார் ஷெட்டில் ஆணியில் தொங்கின. விவகாரம் முடிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் இடுப்பு சரியாகவில்லை. பிப்ரவரியில் டாக்டர் வாங் மறுபடி அவள் காலைத் திருப்பிப் பார்த்தபோது டேக்னி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார்.

"இன்னும் விழுறா," என்றார். "யாரோ இன்னும் விழ வைக்கிறாங்க. இது நிக்கலேன்னா அடுத்த தடவை நான் அறுவை சிகிச்சை டாக்டரைத்தான் கூப்பிடணும்."

யார்? எனக்கு முதலில் லைல் மேல்தான் சந்தேகம். ஒருநாள் பையன்களின் பயிற்சி நேரத்தில் ஐஸ் தளத்துக்கே போய் ஒளிந்து நின்று பார்த்தேன். மீசைப் பலகைதான் நின்றது. பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியைக்குப் போன் செய்தேன். டேக்னி நீச்சல் மட்டும்தான் செய்கிறாள் என்றார். ஜோலீனிடம் மறைமுகமாகக் கேட்டுப் பார்த்தேன், பாவம், மறுபடி கண்ணீர் விட்டாள். டேக்னியிடம் நேராகவே கேட்டேன். யாரும் கூப்பிடவில்லை என்றாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். தினமும் பல்லிடுக்கில் நூல் போடுகிறேன் என்று என் கண்ணைப் பார்த்துச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இவள் சொல்வது பொய்போல இல்லை.

அந்த வாரம் ஒருநாள் கிளினிக்கில் மின்சாரம் போய்விட்டது. மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக்குப் போய்விட்டு வந்தபோது பள்ளி விட்டிருந்தது. எங்கள் முன்வாசலை, பனி வாரும் வண்டி ஒரு குன்று பனியைத் தள்ளி அடைத்துவிட்டுப் போயிருந்தது. காரைத் தெருமுனையில் விட்டுவிட்டுப் பின்சந்து வழியாக நடந்தேன்.

முதலில் குரல்தான் கேட்டது. ஒரு ஆண் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். யார் வந்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். வேலிக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அது ஆர்லன் என்று புரிந்தது. அவனுடைய அப்பாவின் லாரி ஏரியில் ஐஸ் உடைந்து மூழ்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே இருந்த நாய் எப்படி ஜன்னல் வழியாக வெளியே வந்தது, நனைந்த நாயைத் தன் சட்டைக்குள் விட்டுக்கொண்டு ஏழு வயதில் அவன் எப்படிக் கரைக்கு ஓடினான். எனக்கு அப்படி ஒரு நாய் இருந்ததே தெரியாது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவன் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அந்த அளவு வருமா என்று சந்தேகம். வேலியில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டே நின்றேன்.

நடுநடுவே தொப் என்று ஒரு சத்தம். அப்போதுதான் பார்த்தேன். ஆர்லன் குளிர்காலம்தோறும் குழாய்த் தண்ணீர் விட்டு உறைய வைக்கும் எங்கள் வீட்டுப் பின்முற்றத் தளம். வலையின் முதுகு நான் நின்ற சந்துப் பக்கமாக இருந்தது. ஆர்லன் பேசிக்கொண்டே மட்டையால் டென்னிஸ் பந்தை அடிக்கிறான். டேக்னி பனி பூட்ஸோடு முழங்காலில் விழுந்து தடுக்கிறாள். சிரிக்கிறாள். எழுந்திருக்கிறாள். மறுபடி பந்து.

ஒரு பந்து அவளைத் தாண்டி வலைக்குள் போனது. அதை எடுக்க அவள் அப்பாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். திரும்பியதும் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. உதடு வெளுத்திருந்தது. இரண்டு கையாலும் வலையின் கம்பியைப் பிடித்து, வலது காலைத் தூக்கி வைத்து, மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தாள். அப்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

விரலை உதட்டின் மேல் வைத்தாள்.

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கெஞ்சியதில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவள் பந்தை எடுத்து அப்பாவிடம் எறிந்தாள், முகத்தில் சிரிப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள். "அப்புறம் நாய் என்ன பண்ணிச்சு?" என்று கேட்டாள். ஆர்லன் அடித்தான். அவள் விழுந்தாள்.

"ஆர்லன், நிறுத்து," என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாயே என்றான். திருட்டு முழியே இல்லை. நான் வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"ஹாக்கி கூடாதுன்னாங்க," என்றான். "இது ஹாக்கி இல்லையே. ஸ்கேட் இல்ல, காப்பு இல்ல. டென்னிஸ் பந்து. சும்மா வெளிய நிக்கிறோம்."

அவன் சப்பைக்கட்டு கட்டவில்லை. எங்கள் ஊரில் காலில் ஸ்கேட் மாட்டினால்தான் ஹாக்கி. மாட்டாவிட்டால் அது வெறுமனே முற்றத்தில் நிற்பது. நானே இத்தனை வருடமாக அவர்கள் பின்முற்றத்தில் "நிற்கிறார்கள்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை என்று டேக்னி சொன்னதும் உண்மைதான். அப்பா அவளைக் கூப்பிடுவதில்லை. பள்ளியிலிருந்து இருவரும் சேர்ந்து வருவார்கள், வந்ததும் பின்முற்றத்துக்குப் போவார்கள்.

"அவளை எழுந்திருக்கச் சொல்லு," என்றேன். "உன்னைப் பாத்துக்கிட்டே எழுந்திருக்கட்டும்."

வலைக்குள் எடுக்கப் பந்து எதுவும் இல்லை. திரும்பிக்கொள்ள அவளுக்குச் சாக்கு இல்லை. இடது காலை ஊன்றினாள். வலது காலை எடுக்கப் பார்த்தாள். முகத்தை எவ்வளவு அடக்கினாலும் அது அடங்கவில்லை. ஆர்லன் மட்டையைப் போட்டுவிட்டு வழுக்கிக்கொண்டே ஓடி அவளை அக்குளில் பிடித்துத் தூக்கினான். பந்து வாளியைக் கவிழ்த்து அவளை அதன்மேல் உட்கார வைத்தான்.

நான் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அவன் அதற்குள் வலைக்கு முன்னால் போய், அவள் விழுந்த இடத்தில் தானும் முழங்காலிட்டான். காலை வெளியே விரிக்கப் பார்த்தான்.

"இப்படியா?" என்றான்.

"இன்னும் வெளிய," என்றாள் டேக்னி.

இன்னும் விரித்தான். அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எழுந்திருக்க ஒரு கையை ஊன்றினான், முடியவில்லை. கம்பியைப் பிடித்தான், அப்போதும் முடியவில்லை. அப்படியே ஐஸில் உட்கார்ந்துவிட்டான். தொப்பி கழன்று விழுந்ததைக்கூட எடுக்கவில்லை.

"எத்தனை தடவை உன்னை இப்படி விழ வச்சேன்?"

டேக்னி கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எண்ணலப்பா," என்றாள். "நீ பேசிட்டிருந்தே."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஆர்லன் அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது, வரவில்லை. கையில் மட்டை இல்லை, பந்து இல்லை. குளிர் ஜாஸ்தி என்றான். ஆமாம் என்றாள் அவள்.

அவன் தன் கோட்டைக் கழற்றி அவள் காலைச் சுற்றிப் போர்த்தினான்.

"வலிக்குதா?" என்றான்.

"ரொம்ப வலிக்குது."

அவன் எழுந்து உள்ளே போய்விடவில்லை. வாளிக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, எங்கே, எப்போதிலிருந்து, எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான்.